ஓய்மா நாட்டின் வெளியுறவுக் கொள்கை

விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சேர்த்துத் தனி நாடாக அறிவித்துவிட்டால் என்ன என்று சில நாளாக யோசிக்கிறேன். யாரும் பதற வேண்டாம். பிரிவினைப் பேச்சுக்குப் பூட்டுப் போட 1963இலேயே அரசமைப்புச் சட்டத்தின் 16ஆவது திருத்தம் வந்துவிட்டது. அண்ணாவே திராவிட நாட்டுக் கோரிக்கையை மடித்து வைத்துவிட்டார், நான் எம்மாத்திரம்? இது வெறும் கற்பனைதான். கியூ பிரிவுக் காவலர்கள் கையிலெடுத்த டீயை ஆறவிடாமல் குடிக்கலாம்.

யோசனை எங்கே முளைத்தது என்று சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரையேறியது. ஏறிய புயல் போக மனமில்லாமல் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையை நள்ளிரவில் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை அரசூரில் தேசிய நெடுஞ்சாலை மேலேயே ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டு ரயில்கள் நின்றன. இருவேல்பட்டில் ஆறுதல் சொல்லப் போன அமைச்சரின் சட்டையில் சேறு வந்து விழுந்தது. மாநில அரசு உடனடியாக 2,000 கோடி ரூபாய் கேட்டது. டெல்லி 944.80 கோடி விடுவித்தது. அதுவும் பேரிடர் நிதியில் தமிழ்நாட்டுக்கு எப்படியும் வந்தாக வேண்டிய ஒன்றிய அரசின் பங்கு. பிறகு மத்தியக் குழு வந்தது, பார்த்தது, குறிப்பெடுத்தது, போனது. கூடுதலாக 522 கோடிக்கு ஒப்புதல் கிடைக்கும்போது 2025 ஏப்ரல் பிறந்திருந்தது. வீட்டுக்குள் வந்த சேறு அதற்குள் காய்ந்து புழுதியாகி, அந்தப் புழுதியும் பறந்து முடிந்திருந்தது.

இப்போது காட்சி இரண்டு. நம் ஊரில் பாயும் தலையணையும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த அதே 2024 டிசம்பர் 15ஆம் தேதி, இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டெல்லியில் வந்து இறங்கினார். சிவப்புக் கம்பளம், அணிவகுப்பு மரியாதை, கைகுலுக்கல், கூட்டறிக்கை. அதற்கு முன்பே, 2022இல் அந்தத் தீவு திவாலானபோது, கடன் என்றும் நாணயப் பரிமாற்றம் என்றும் தவணை ஒத்திவைப்பு என்றும் டெல்லி ஏறத்தாழ 400 கோடி டாலருக்குக் கை கொடுத்திருந்தது. நம் கணக்கில் சுமார் 30 ஆயிரம் கோடி ரூபாய்.

கொடுத்தது தப்பென்று நான் சொல்ல வரவில்லை. பெட்ரோல் வரிசையில் நின்றபடியே மனிதர்கள் செத்துப்போன காலம் அது. தமிழ்நாடும்தான் அனுப்பியது: 40 ஆயிரம் டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்துகளும் என்று திட்டமிட்டு, 2022 மே 18இல் முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. நம் மாவட்டத்து நெல்லும் அதில் கலந்திருக்கலாம். நல்லது. பசித்தவன் சாப்பிட்டான்.

என் கேள்வி வேறு. டெல்லியின் கை அங்கே மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் விரிகிறது?

விடை அம்பாந்தோட்டையில் இருக்கிறது. சீனக் கடனில் கட்டி 2010இல் திறந்த துறைமுகம். வருமானம் வராமல் 2017இல் 112 கோடி டாலருக்குச் சீன நிறுவனத்திடம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. கொழும்பின் கடலை மண்ணடித்துத் தூர்த்து 269 ஹெக்டேரில் சீனர்கள் ஒரு நகரமே எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்பில் வந்து இளைப்பாறிவிட்டுப் போனது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 2022 ஆகஸ்டு மாதத்து இரண்டு நாள்கள். ஆகஸ்டு 15, நம் சுதந்திர நாள்: கடலைக் கண்காணிக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று இந்தியா இலங்கைக் கடற்படைக்கு ஒரு டோர்னியர் விமானத்தைப் பரிசளித்தது. ஆகஸ்டு 16: யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டையில் வந்து நங்கூரம் பாய்ச்சியது. கண்காணிக்க விமானம் கொடுத்த மறுநாளே, கண்காணிக்க வேண்டிய கப்பலும் வந்து சேர்ந்துவிட்டது. இப்படிச் செய்வதற்குப் பெயர் நன்றி கெட்டத்தனம் என்பவர்கள் சாதாரணமானவர்கள். நாட்டுக்கு நாடு இதைச் செய்தால் அது சமநிலை ராஜதந்திரம்.

கொழும்பு எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தப் பாடத்தை மறப்பதில்லை. ஜே.ஆர். ஜெயவர்த்தன 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் நின்ற சிங்களக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ராஜீவின் மீது வீசி அடித்தார். (அந்த வீரர் பின்னாளில் ஜோதிடரானார் என்பதும், ஒரு ஜனாதிபதி சாவார் என்று நாள் குறித்ததற்காக 2017இல் கைதானார் என்பதும் கூடுதல் தகவல். கட்டையைவிடக் கட்டம் ஆபத்து என்று அந்த நாடு கண்டுகொண்டது.) அடுத்து வந்த பிரேமதாச, இந்திய அமைதிப்படையை விரட்டுவதற்காக, எந்தப் புலிகளை அடக்கச் சொல்லி அந்தப் படை வந்ததோ அதே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தார். 1990 மார்ச்சில் படை கப்பலேறியது. டெல்லி மட்டும் யோக்கியமா என்றால், அதற்கு முன் சில ஆண்டுகள் ஒரு கையால் போராளிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே மறு கையால் கொழும்போடு பேச்சுவார்த்தை நடத்திய டெல்லிதான் அது.

ஆனால் ஜே.வி.பி. அடித்த கரணம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. மக்கள் விடுதலை முன்னணி என்று தமிழில் சொல்லப்படும் அந்தக் கட்சி தன் தொண்டர்களுக்கு எடுத்த ஐந்து வகுப்புகளில் ஒன்றே ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’. தேயிலைத் தோட்டத்தில் கூலிக்குக் கொழுந்து கிள்ளிய தமிழன்கூட அந்த வகுப்பில் இந்தியா அனுப்பிய ஆள்தான். 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து அது நடத்திய கிளர்ச்சியில், இந்தியச் சாமான் விற்றால் உயிர் இருக்காது என்று கடைக்காரர்கள் மிரட்டப்பட்டார்கள். ஒப்பந்தப்படி இணைந்த வடக்கு கிழக்கு மாகாணங்களை 2006இல் நீதிமன்றம் போய்ப் பிரித்ததும் அதே கட்சி. அந்தக் கட்சியின் தலைவர் 2024 செப்டம்பரில் ஜனாதிபதியானார். முதல் வெளிநாட்டுப் பயணம் டெல்லிக்கு. அடுத்த மாதம் பெய்ஜிங்குக்கு. அங்கிருந்து அம்பாந்தோட்டைக்கு 370 கோடி டாலரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 2025 ஏப்ரல் 5இல் கொழும்பு வந்த மோடிக்கு ‘மித்ர விபூஷண’ விருது. கூடவே இந்தியாவோடு பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம். அமைதிப்படையில் இறந்தவர்களின் நினைவுத்தூணுக்கு அன்று மோடி மலர்வளையம் வைத்தார். அந்தப் படை வந்ததை எதிர்த்து ஆயுதம் தூக்கிய கட்சிதான் அன்று விருந்தோம்பியது. விஸ்தரிப்புவாதம் வகுப்பறையிலிருந்து விருந்து மேசைக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் ஓய்மா நாட்டுக்கு வெளியுறவுக் கொள்கை எழுதும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது.

ஓய்மா நாடு என்ற பெயர் என் சரக்கு இல்லை. சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடன் ஆண்ட நாடு அது. அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக் கிடங்கல். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம். ஆக, பழைய ராஜா ஒருவர், கோட்டை ஒன்று, துறைமுகம் ஒன்று, பாட்டு ஒன்று எல்லாம் தயார். ஐ.நா.வில் இருக்கும் பல நாடுகளுக்கு இவ்வளவு கிடையாது.

அனுபவமும் உண்டு. சின்ன நாடு பெரிய நாடுகளுக்கு நடுவில் பிழைப்பது எப்படி என்று கொழும்புக்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிய ஊர் நம் செஞ்சி. சிவாஜியின் மகன் ராஜாராம் ஔரங்கசீப்புக்குத் தப்பி 1689இல் செஞ்சிக் கோட்டைக்குள் வந்து உட்கார்ந்தார். வெளியே முகலாயப் படை. உள்ளே கஜானா காலி. என்ன செய்தார்? 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார் செஞ்சி மராட்டியர். அந்தக் கிரயத்தில் ஒரு நிபந்தனை: கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எதுவரை போகிறதோ அதுவரையுள்ள ஊர்களும் கம்பெனிக்கு. சென்னையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் சாமர்த்தியசாலி. இருப்பதிலேயே தூரம் சுடும் பீரங்கியை அனுப்பி, குண்டு தூரம் போவது சுடுகிறவன் கைத்திறமையில் இருக்கிறது என்றும் சொல்லி அனுப்பினார். குண்டு போய் விழுந்த ஊர்களெல்லாம் ‘குண்டு கிராமம்’ ஆயின. அங்கே உழுதுகொண்டிருந்தவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் செஞ்சிக் குடியாக ஏர் பூட்டியவன், மாலையில் கம்பெனிக் குடியாக வீடு திரும்பினான். சில ஆண்டுகள் கழித்து, பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்துகொண்டிருந்த புதுச்சேரியையே டச்சுக்காரர்களுக்கு விலை பேசினார் ராஜாராம். கடைசியில், முற்றுகையிட வந்த முகலாயத் தளபதி சுல்பிகர் கானே கண்டும் காணாமலும் இருக்க, கோட்டையை விட்டுத் தப்பிப் போனார். எதிரியின் தளபதியோடும் தனி ஒப்பந்தம்! 1714இல் அதே கோட்டையிலிருந்து ஆற்காட்டு நவாபோடு நேருக்கு நேர் வாளோடு மோதிய ராஜா தேசிங்கு செத்துப்போனார். தேசிங்குக்குக் கதைப்பாட்டு கிடைத்தது. ராஜாராமுக்கு உயிர் கிடைத்தது. ஓய்மா நாட்டுக் கொள்கை யாரைப் பின்பற்றும் என்று சொல்லத் தேவையில்லை.

தூதர்களுக்குப் பயிற்சி எங்கே கொடுப்பது என்ற கவலையும் இல்லை. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் மாம்பழச் சின்னக் கட்சியான பா.ம.க.வின் தைலாபுரம் இருக்கிறது. 1998இல் இலை, 1999இல் சூரியன், 2001இல் இலை, 2004இல் சூரியன், 2009இல் இலை, 2011இல் சூரியன், 2014இல் தாமரை, நடுவில் ஒருமுறை தனி ஆவர்த்தனம், 2019இல் இலையும் தாமரையும் சேர்த்து ஒரே பந்தியில், 2024இல் தாமரை. கொழும்பே இங்கே வந்து நோட்டுப் புத்தகம் வாங்கிப் படிக்க வேண்டும். மாம்பழத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நேற்று துரோகி என்றவரை இன்று வாசலில் நின்று வரவேற்ற இலையும் சூரியனும்தான் அந்தக் கல்லூரிக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தவை. கல்லூரியின் முதல்வர் அப்பாவா பிள்ளையா என்பதில் தகராறு வந்ததால் சேர்க்கை கொஞ்சம் தாமதமாகலாம்.

இனிக் கொள்கை. ஒன்றே ஒன்றுதான். மரக்காணத்தை 99 ஆண்டுக்குக் குத்தகைக்கு விடப்போவதாகப் பெய்ஜிங்குக்கு ஒரு கடிதம். நகல் டெல்லிக்கு. அவ்வளவே.

கடிதம் போய்ச் சேர்ந்த அன்று என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உப்பளத்தைப் பார்த்தபடி வெளியுறவுத் துறை அமைச்சரின் ஹெலிகாப்டர் இறங்கும். நாகரிகப் பிணைப்பு, ஆயிரமாண்டு உறவு என்று பேசுவார். சிறுபாணாற்றுப்படையிலிருந்து இரண்டு வரியை இந்தி எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பார். ஃபெஞ்சல் நிவாரண பாக்கி வட்டியோடு வரும். திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் பாதை ஒரே பட்ஜெட்டில் முளைக்கும். மயிலம் முருகனுக்கே விருது கொடுத்தாலும் ஆச்சரியமில்லை. மாவட்டமாக இருந்து மனு எழுதினால் மத்தியக் குழு. நாடாக இருந்து மிரட்டினால் மந்திரி. விசுவாசத்துக்கு விலை கிடையாது. விலகிப்போகத் தெரிந்தவனுக்குத்தான் விலை. இந்தச் சந்தை நிலவரத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது கொழும்பில்லை, டெல்லிதான்.

நாடு என்றால் குடிமக்கள் கணக்கு வேண்டும். கணக்கெடுக்கக் கிளம்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனேன் என்று வையுங்கள். கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலருகே என் கற்பனை வண்டி நின்றுவிடுகிறது. அங்கேதான் இலங்கைத் தமிழர் முகாம். 2021 வரை அதற்கு அகதிகள் முகாம் என்று பெயர். அதற்குப் பின் மறுவாழ்வு முகாம். தமிழ்நாடு முழுக்க இப்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள், அவற்றில் சுமார் 58 ஆயிரம் பேர். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. புது வீடுகளும் கட்டித் தருகிறார்கள். மாநில அரசு செய்ததைச் செய்ததாகவே சொல்வோம். கூரை மாறியிருக்கிறது, பதிவேடு மாறவில்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வருகிறவர்களில் முகாம்காரர்கள் நிறைய. உயரமான கட்டடத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிச்சுவர் அடிக்கிற வேலைக்கு அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். என் வீட்டில் பட்டி பார்த்துக்கொண்டிருந்த பையனிடம் ஒருநாள் கேட்டேன்: “ஏம்பா, உங்க ஜனாதிபதிக்கு டெல்லியில பலத்த வரவேற்பாமே?”

உப்புத்தாளைக் கீழே வைக்காமலே சொன்னான்: “எந்த ஜனாதிபதிண்ணே? நான் பொறந்தது பாண்டி ஜிப்மர்லண்ணே. எங்கம்மாதான் இன்னும் ‘ஓம் ஓம்’னு சொல்லும். நான் சொன்னா எனக்கே சிரிப்பு வரும்.” தேய்த்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, “வர்ற வாரம் ஒருநாள் லீவு வேணும்ணே. முகாம்ல செக்கிங். ஆள் இல்லைன்னா பேரை எடுத்துடுவாங்க. ராத்திரி வெளியூர் தங்கறதுன்னாலே சொல்லிட்டுத்தான் போவணும், இது வேறயா” என்றான்.

முப்பதை நெருங்குகிறவன். இந்திய மண்ணில் பிறந்தவன். இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. அவன் தலையெழுத்தைச் சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தால், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. 1987 ஜூலை 1. கவனித்தீர்களா? ஈழத் தமிழரைக் காக்கவென்று ராஜீவ் கொழும்பு போய்க் கையெழுத்திட்டது அதே ஜூலையில், 29ஆம் தேதி. முதல் தேதி இங்கே பிறக்கும் பிள்ளைக்குக் கதவைச் சாத்திவிட்டு, மாதக் கடைசியில் அங்கே இருக்கும் பெற்றோருக்கு உரிமை வாங்கித் தரக் கிளம்பியது டெல்லி.

அதற்கும் முன்னால் 1964. சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் உட்கார்ந்து மலையகத் தமிழர்களைக் கணக்குத் தீர்த்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974இல் இந்திரா காந்தி ஆளுக்குப் பாதி என்று முடித்தார். அதே 1974இல் 285 ஏக்கர் கச்சத்தீவும் போனது. தேவனாம்பட்டினத்துப் பீரங்கிக் குண்டு விழுந்த ஊர்க்காரனைக் கேட்காதது போலவே, இந்த 9,75,000 பேரில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. முகாம்களில் இன்று பெயர் கூப்பிடும்போது கை தூக்குகிறவர்களில் அந்த மலையகத்தாரின் பேரப்பிள்ளைகளும் உண்டு. கண்டியில் அவர்கள் இந்தியர்கள். கீழ்புத்துப்பட்டில் இலங்கையர்கள்.

2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவர்களுக்குக் குடியுரிமை. முஸ்லிம் கிடையாது, இலங்கை கிடையாது. இந்துக்களின் காவலர்கள் எழுதிய அந்தச் சட்டத்தில், ஐயனார் கோயில் நிழலில் முப்பது ஆண்டுக்கு மேல் திருநீறு பூசிக்கொண்டிருக்கும் இந்துக்களுக்கு இடமில்லை. தமிழில் பேசும் இந்து டெல்லியின் இந்துக் கணக்கில் வரமாட்டான் போலிருக்கிறது. மாநிலங்களவையில் 125க்கு 105 என்று அது நிறைவேறியபோது, ஆதரித்த 125இல் அ.தி.மு.க.வின் கைகளும் இருந்தன. திண்டிவனத்துக் கட்சியின் ஒரே கையும் இருந்தது. ஈழம் ஈழம் என்று மேடையில் அழுத கண்கள் அன்று டெல்லியில் வறண்டிருந்தன. அந்த மசோதா தோற்க எத்தனை கை போதும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

பிறகு 2025 மே மாதம், இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துப் பார்க்க இது தர்மசத்திரம் இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னது. சரியான பேச்சு. சத்திரத்தில் வருகிறவன் பெயரைக் கூப்பிட்டு எண்ண மாட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் உள்துறை ஒரு சலுகை அறிவித்தது: 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமலிருந்ததற்குத் தண்டனை கிடையாது. குண்டு விழுந்த இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகேறியவள் விசா அலுவலகத்துக்குப் போகவில்லை என்ற குற்றத்தை, அவள் பாட்டியான பிறகு, டெல்லி பெரிய மனது பண்ணி மன்னித்திருக்கிறது. குடியுரிமை பற்றி அதில் ஒரு சொல் கிடையாது.

இதே மாவட்டத்தில், இதே கடற்கரைச் சாலையை ஒட்டித்தான் ஆரோவில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28இல் அதன் தொடக்க விழாவில் 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து தாமரை மொட்டு வடிவப் பளிங்குத் தாழியில் போட்டார்கள். ஸ்கூட்டரில் போகும் பிரெஞ்சுக்காரரையும் ஜெர்மானியரையும் பார்த்து, நீ எப்போது திரும்பிப் போவாய் என்று விழுப்புரத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டாம், நல்ல மனிதர்கள். வெளிநாட்டு மண் இங்கே பளிங்கில் இருக்கிறது. இங்கேயே பிறந்த தமிழ்ப் பையன் பதிவேட்டில் இருக்கிறான்.

கச்சத்தீவை விட்டுவிட்டாயே என்பீர்கள். அது தேர்தல் பண்டம், பருவத்தில்தான் கிடைக்கும். 2024 மார்ச் 31இல், வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பிரதமர் மோடிக்குக் கச்சத்தீவு ஞாபகம் வந்தது. 2025 ஏப்ரல் 2இல் தமிழ்நாடு சட்டமன்றம் மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. மூன்று நாள் கழித்து அதே பிரதமர் கொழும்பு மேடையில் விருது வாங்கியபோது, கச்சத்தீவு வாயில் வரவில்லை. அதைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் போர் தொடுக்க வேண்டியிருக்கும் என்று 2014இலேயே அவருடைய அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார். ஆளில்லாத அந்தத் தீவுக்காகத் தமிழ்நாட்டின் எல்லாக் கட்சியும் தொண்டை கிழியக் கத்துகிறது. ஆள் இருக்கிற கீழ்புத்துப்பட்டுக்காக எந்த மாநாட்டிலும் ஒரு நாற்காலிகூட நகர்வதில்லை. விக்கிரவாண்டியில் மாநாட்டுப் பந்தல் போடாத கட்சி அபூர்வம்; அந்தப் பந்தல்களுக்குப் பெயிண்ட் அடித்த கைகளில் முகாம்காரர் கைகளும் இருக்கலாம். மேடையில் ஏறியவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை.

மோடி கழுத்தில் விருது விழுந்த அன்று கையெழுத்தான ஒப்பந்தங்கள் மொத்தம் ஏழு. பாதுகாப்பு, மின்சாரம், திருகோணமலை எரிசக்தி மையம் என்று நீளும் பட்டியலில் முகாம்காரர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. கொழும்பு அவர்களைத் திரும்பக் கேட்கவில்லை. டெல்லி அவர்களை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. 1964இல் எண்ணியாவது பங்கு போட்டார்கள். ஓய்மா நாட்டுக்காவது குத்தகை விட மரக்காணம் இருக்கிறது. பெயிண்டர் பையனிடம் பெய்ஜிங்குக்கு எழுத என்ன இருக்கிறது? யாரையும் மிரட்ட வழியில்லாத மனிதன் எந்த ராஜதந்திரத்திலும் இல்லை.

ஆகையால் ஓய்மா நாட்டைக் கலைத்துவிடுகிறேன். விழுப்புரம் இந்தியாவிலேயே இருக்கட்டும். ஆனால் அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகிறவர் இலையோ சூரியனோ தாமரையோ மாம்பழமோ புதுச் சின்னமோ, யாராக இருந்தாலும், கச்சத்தீவைப் பற்றி அவர் வாய் திறக்கும் முன் கேளுங்கள்: 1987 ஜூலைக்குப் பின் முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா கொண்டுவருவீர்களா, மாட்டீர்களா? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வாங்குங்கள். கீழ்புத்துப்பட்டு முகாமுக்கு அவர் ஓட்டுக் கேட்டுப் போகமாட்டார். அங்கே யாருக்கும் ஓட்டு இல்லை.